சைகைமொழி பெயர்ப்பாளருக்கு லைசென்ஸ் எதற்கு? வாசகர் கேள்வி பதில்

போன இதழில், மருத்துவமனையில் சைகைமொழி பெயர்ப்பாளர் உடன் இருக்க வேண்டியதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. இந்த வேலைக்கு லைசென்ஸ் உண்டா, யார் கொடுக்கிறார்கள், இல்லாமல் செய்தால் என்ன ஆகும்? அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர்ப்பாளர் என்று நான் எழுதுகிற இடமெல்லாம், பேச்சைச் சைகையாகவும் சைகையைப் பேச்சாகவும் அங்கேயே, அந்த நிமிஷமே மாற்றிச் சொல்கிறவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, ஆறு மாதம் சைகைமொழி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். நன்றாக வருகிறது என்று ஆசிரியரும் சொல்கிறார். இதை வைத்துப் பெயர்ப்பாளர் வேலைக்குப் போகலாமா?
– கல்லூரி மாணவி ஒருவர்

இப்போதைக்கு வேண்டாம். மனம் தளராதீர்கள், நல்ல தொடக்கம்தான். ஆனால் ஒரு மொழியில் பேசத் தெரிவது ஒரு திறமை, அந்த மொழிக்கும் இன்னொரு மொழிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோவது வேறொரு திறமை. டாக்டர் இரண்டாவது வாக்கியத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் கை முதல் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும், காது மூன்றாவதற்குத் தயாராக இருக்கும். ஆறு மாதத்தில் அது வராது. மொழி நன்றாகத் தெரிந்தவர்களுக்கே பெயர்ப்புப் பயிற்சி தனியாக வருஷக்கணக்கில் தேவைப்படுகிறது.

இதில் மூன்று காகிதங்களைப் போட்டு எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது உங்களிடம் இருப்பது, வகுப்பை முடித்ததற்கான சான்றிதழ். நீங்கள் படித்தீர்கள் என்று அது சொல்லும், பெயர்ப்பீர்கள் என்று சொல்லாது. இரண்டாவது தொழில்முறைச் சான்று. ஒரு தொழில் அமைப்போ தேர்வு வாரியமோ உங்களைச் சோதித்துப் பார்த்து, இவர் இந்த அளவுக்குச் செய்வார் என்று கொடுப்பது. மூன்றாவதுதான் லைசென்ஸ். அதைக் கொடுப்பது அரசு. அது இல்லாமல் அந்த அரசின் எல்லைக்குள் நீங்கள் இந்த வேலையைச் செய்தால் சட்டப்படி தப்பு.

அமெரிக்காவை வைத்துச் சொன்னால் விளங்கும், ஏனென்றால் இந்த மூன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகிற இடம் அது. 1964-இல் அங்கே பெயர்ப்பாளர்களுக்கென்று ஒரு அமைப்பு தொடங்கினார்கள், சுருக்கமாக ஆர்.ஐ.டி. என்பார்கள். அதன் தேசியச் சான்றுக்குப் பெயர் என்.ஐ.சி. அதைப் பெற வயது 18 நிறைந்திருக்க வேண்டும், பட்டப்படிப்போ அதற்குச் சமமாக ஏற்கப்படும் படிப்பு, அனுபவமோ வேண்டும். எழுத்துத் தேர்வு உண்டு. அப்புறம் தொழில் நெறி சம்பந்தப்பட்ட சிக்கலான நிலைமைகளைக் கொடுத்து எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள், கடைசியில் உண்மையாகவே பெயர்த்துக் காட்ட வேண்டும். இது முடிந்தால் சான்று வரும். ஆனால் லைசென்ஸ் அங்கே மாநிலத்தின் கையில் இருக்கிறது, நாடு முழுவதற்கும் பொதுவான லைசென்ஸ் கிடையாது. கென்டக்கி, இல்லினாய், அரிசோனா, நியூ மெக்சிகோ, அலபாமா போன்ற மாநிலங்களில் தனிச் சட்டமே இருக்கிறது. கலிபோர்னியா மாதிரிப் பெரிய மாநிலத்தில் பொதுவான லைசென்ஸ் கிடையாது, பள்ளிக்கூடப் பெயர்ப்பாளருக்கு மட்டும் தகுதி விதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எந்த எல்லைக்குள் வேலை செய்யப் போகிறீர்களோ அந்த இடத்துச் சட்டத்தைப் படிக்காமல் யார் சொல்வதையும் நம்பாதீர்கள், நான் சொல்வதையும் சேர்த்துத்தான்.

லைசென்ஸ் கேட்கும் இடங்களில் சில, புதிதாக வருகிறவர்களுக்குத் தற்காலிக லைசென்ஸ் வைத்திருக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்குள் முழுத் தேர்வையும் முடித்துவிட வேண்டும். அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்து போய் வேலையைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. உங்களுக்கு நான் காட்டும் பாதை அதுதான்: இன்னும் இரண்டு மூன்று வருஷம் காது கேளாதவர்களோடு நிறையப் பழகுங்கள், பெயர்ப்புக்கென்றே இருக்கும் படிப்பில் சேருங்கள், அதற்குப் பிறகு தேர்வு.

கேள்வி: உதவி செய்யத்தானே வருகிறார்கள்? அதற்குப் போய் லைசென்ஸ், கட்டணம், தேர்வு என்று கட்டுப்பாடு போட்டால் வருகிற நாலு பேரும் வராமல் போய்விடுவார்களே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, நல்ல மனசோடு கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இந்தத் தொழிலில் மற்ற எதிலும் இல்லாத ஒரு சங்கடம் இருக்கிறது, அதை யோசித்துப் பாருங்கள். தையல்காரர் சட்டையைக் கெடுத்தால் போட்டுப் பார்த்ததும் தெரிந்துவிடும். இங்கே பேசுகிறவருக்குச் சைகை தெரியாது, எனவே தான் சொன்னது சரியாகப் போனதா என்று அவரால் பார்க்க முடியாது. சைகை செய்கிறவருக்கோ தன் சார்பில் என்ன பேசப்படுகிறது என்பது காதில் விழாது. இரண்டு பேரும் பெயர்ப்பாளரை நம்பித்தான் ஆக வேண்டும், இரண்டு பேராலும் அவரை முழுதாகச் சோதிக்க முடியாது. அதனால்தான் வேலை தொடங்குவதற்கு முன்பே, இரண்டு மொழியும் தெரிந்த மூன்றாவது ஒருவர் அவரைச் சோதித்திருக்க வேண்டும். லைசென்ஸுக்கு நான் சொல்லும் முழு நியாயமும் இதுதான்.

உலகமே பார்த்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2013 டிசம்பர் 10 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் நெல்சன் மண்டேலாவுக்கு நினைவஞ்சலிக் கூட்டம். ஒபாமா உட்பட உலகத் தலைவர்கள் பேசப் பேச, பக்கத்திலேயே ஒருவர் நின்று கையை அசைத்துக்கொண்டிருந்தார். அரங்கத்தில் இருந்தவர்களுக்கும் டி.வி.யில் பார்த்த கோடிக்கணக்கானவர்களுக்கும் அது சைகைமொழியாகத்தான் தெரிந்தது. காது கேளாதவர்களுக்கு மட்டும் முதல் சில நிமிஷங்களிலேயே விளங்கிவிட்டது, அதில் மொழியே இல்லை என்று. அவ்வளவு பெரிய மேடையில், அவ்வளவு பாதுகாப்புக்கு நடுவில், ஏற்பாடு செய்தவர்கள் யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னொன்று 2017 செப்டம்பரில், ஃபுளோரிடாவில் இர்மா புயல் வருகிற நேரம். அங்குள்ள மனாட்டீ என்ற மாவட்டத்தின் அதிகாரிகள் வெளியேறச் சொல்லிச் செய்தியாளர் கூட்டம் நடத்தினார்கள். அவசரத்துக்கு, சைகை கொஞ்சம் தெரியும் என்று சொல்லப்பட்ட ஓர் ஊழியரை நிறுத்தினார்கள். அவருடைய சகோதரர் காது கேளாதவர். புயல் எச்சரிக்கைக்கு நடுவே பீட்சா, பூதம் என்றெல்லாம் கையில் வந்தது. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, கூப்பிட்டார்கள், உதவத்தான் போனார். ஆனால் எங்கே போவது, எப்போது போவது என்று தெரிந்தே ஆக வேண்டிய மக்களுக்கு அன்றைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அதே வருஷம், அதே மாநிலத்தில், டாம்பாவில் ஒரு கொலை வழக்குக் கைது பற்றிய போலீஸ் செய்தியாளர் கூட்டத்தில் யாரும் அழைக்காமலே ஒரு பெண் வந்து பெயர்ப்பாளராக நின்றார். அவர் செய்ததிலும் அர்த்தம் இல்லை. யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. ஃபுளோரிடாவில் அப்போது பெயர்ப்பாளர் லைசென்ஸ் சட்டம் கிடையாது, கேட்கவேண்டும் என்ற பழக்கமும் அங்கே வந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆள் கிடைக்காது என்ற உங்கள் கவலை உண்மையானது, அதை நான் தள்ளிவிடவில்லை. அதனால்தான் பல சட்டங்களில், திடீர் விபத்து போன்ற அவசர நேரத்தில் தகுதியுள்ளவர் வந்து சேரும்வரை யாராவது சமாளிக்கலாம் என்று விலக்கு வைத்திருக்கிறார்கள், வழிபாட்டுக் கூட்டங்களுக்கும் விலக்கு உண்டு. ஆள் குறைவாக இருந்தால் அதற்கு மருந்து பயிற்சி இடங்களைக் கூட்டுவது, பயிற்சிக் கட்டணத்தை அரசு ஏற்பது. தரத்தை இறக்கினால் அந்தச் சுமை முழுவதும் காது கேளாதவர் தலையில்தான் போய் விழும்.

கேள்வி: என் அம்மா அப்பா இருவருக்கும் காது கேட்காது. நான் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே சைகை கற்றுக்கொண்டவன். எனக்கும் தேர்வு வைப்பது நியாயமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

தம்பி, நானும் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளைதான், அதனால் மனம்விட்டு எழுதுகிறேன். எனக்குப் பதினொரு வயது. அம்மாவுக்கு ஏதோ பரிசோதனை எடுத்திருந்தார்கள், முடிவைக் கேட்க நான்தான் கூடப் போனேன். டாக்டர் சிரித்த முகமாக "ரிசல்ட் நெகட்டிவ்" என்றார். நெகட்டிவ் என்றால் கெட்டது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அம்மாவிடம் "கெட்டது, மோசம்" என்று கையில் சொன்னேன். அம்மா அன்று சாயங்காலம் வரை அழுதார், பக்கத்து வீட்டு அக்கா காகிதத்தை வாங்கிப் படித்துச் சொல்கிறவரைக்கும். டாக்டர் முகத்துக்கும் என் கைக்கும் பொருந்தவில்லை என்பது எனக்கே உறுத்தியது, ஆனால் பெரியவர்களைத் திருப்பிக் கேட்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் சைகையில் பிழையே இல்லை, தம்பி.

தேர்வு சோதிப்பது அதைத்தான். புரியாததை நிறுத்திக் கேட்கத் தெரிகிறதா, சொந்த உணர்ச்சியைத் தள்ளி வைக்க முடிகிறதா, கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பாயா. உனக்குக் கையில் மொழி இருக்கிறது, அது பெரிய சொத்து, மற்றவர்கள் பல வருஷம் உழைத்தாலும் எட்ட முடியாத ஓர் இயல்பு அதில் இருக்கும். தேர்வில் அது உனக்குக் கை கொடுக்கும். ஆனால் அம்மாவுக்குக் கெட்ட செய்தி வரும்போது அம்மாவைப் பாதுகாக்க வேண்டும் என்றுதானே மனம் போகும்? பாதி சொல்லி பாதியை விழுங்குவோம். நான் விழுங்கியிருக்கிறேன்.

அமெரிக்காவில் 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகள் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கின்றன. பெயர்ப்பாளரை நீயே கூட்டிக்கொண்டு வா என்று காது கேளாதவரிடம் மருத்துவமனையோ அலுவலகமோ கேட்கக்கூடாது. கூட வந்த சிறு பிள்ளைகளை, உயிருக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்து இருந்து வேறு ஆளே இல்லாத நேரம் தவிர, பெயர்க்க வைக்கக்கூடாது. கூட வந்தவர் பெரியவராக இருந்தால், காது கேளாதவரே விரும்பிக் கேட்க வேண்டும், அவரும் சம்மதிக்க வேண்டும், அந்தச் சூழ்நிலைக்கு அது பொருத்தமாகவும் இருக்க வேண்டும். அந்த விதிகள் தகுதியுள்ள பெயர்ப்பாளர் என்று யாரைச் சொல்கின்றன தெரியுமா? சரியாக, பயன்படும்படி, பக்கம் சாயாமல், இரண்டு திசையிலும், அந்தத் துறைக்கு வேண்டிய சொற்களோடு பெயர்க்கக்கூடியவர். பக்கம் சாயாமல் என்ற இடத்தில்தான் நம்மைப் போன்ற பிள்ளைகள் தடுக்கி விழுகிறோம். தேர்வு எழுது. நீ வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கேள்வி: காது கேளாதவரே பெயர்ப்பாளர் ஆக முடியுமா?

முடியும், ஆகியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அதற்கென்றே தனிச் சான்று இருக்கிறது. முறையான சைகைமொழி கற்காமல் வீட்டுச் சைகையோடு வளர்ந்தவர், சின்னக் குழந்தை, அதிர்ச்சியில் இருப்பவர் என்று சிலரிடம், காது கேட்கிற பெயர்ப்பாளரின் சைகை எட்டாது. அங்கே இருவரும் சேர்ந்து வேலை செய்வார்கள். பேச்சைக் கேட்பவர் சைகையாகத் தர, காது கேளாத பெயர்ப்பாளர் அதை அந்த மனிதருக்குப் புரிகிற வடிவத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பார்த்தால் அசந்துபோவீர்கள்.

கேள்வி: ஒரு லைசென்ஸ் வாங்கிவிட்டால் கோர்ட், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் போகலாமா?

லைசென்ஸ் என்பது குறைந்தபட்சத் தரம், இதற்குக் கீழே போகாது என்ற கோடு. கோர்ட்டில் ஒரு சொல் மாறினால் ஒருவருடைய சுதந்திரமே போய்விடலாம் என்பதால் பல இடங்களில் அதற்குத் தனித் தகுதி கேட்பார்கள். டெக்சாஸ் மாநிலம் தானே தேர்வு வாரியம் நடத்துகிறது, பெயர் பி.இ.ஐ. அதில் அடிப்படை, உயர்நிலை, மாஸ்டர் என்று படிகள், கோர்ட்டுக்கு வேறாக ஒரு சான்று.

பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம், பலரும் அதைச் சுலபமான வேலை என்று நினைப்பதால். பெரியவருக்குப் பெயர்ப்பில் ஏதோ சரியில்லை என்றால் முகத்தைச் சுளிக்கவாவது தெரியும். ஏழு வயதுக் குழந்தைக்குத் தெரியாது. வீட்டில் யாருக்கும் சைகை தெரியாத குழந்தையாக இருந்தால், நாள் முழுக்க அது பார்க்கிற மொழியே வகுப்பில் நிற்கும் அந்த ஒருவருடைய கைதான். அவர் அரைகுறையாகச் செய்தால் கணக்கும் அறிவியலும் போவதோடு, குழந்தைக்கு மொழியே அரைகுறையாக வந்து நிற்கும், ஆசிரியரோ பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று எழுதிவிடுவார். இதற்காகவே இ.ஐ.பி.ஏ. என்று ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து 5 வரை மதிப்பெண், பல அமெரிக்க மாநிலங்கள் 3.5 அல்லது 4 எடுத்தால்தான் வகுப்பறைக்குள் விடுகின்றன. என்னைக் கேட்டால் 4-க்குக் கீழே எங்கும் விடக்கூடாது.

லைசென்ஸோ சான்றோ ஒரு தடவை வாங்கிப் பெட்டியில் வைக்கிற பொருளும் கிடையாது. ஆர்.ஐ.டி. சான்று வைத்திருப்பவர்கள் நாலு வருஷத்துக்கு ஒரு முறை 80 மணி நேரப் பயிற்சி முடித்ததைக் காட்ட வேண்டும்.

கேள்வி: ஒரு நாட்டில் லைசென்ஸ் வாங்கினால் இன்னொரு நாட்டில் செல்லுமா? சைகைமொழி உலகத்துக்கே பொதுதானே?
– வெளிநாட்டில் குடியேறப் போகும் வாசகி

பொது இல்லை, இந்த நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. அமெரிக்காவும் பிரிட்டனும் ஆங்கிலம்தான் பேசுகின்றன, ஆனால் சைகைமொழிகள் இரண்டும் வேறு வேறு. ஆங்கில எழுத்துகளை விரலால் காட்டுவதற்கு அமெரிக்காவில் ஒரு கை போதும், பிரிட்டனில் இரண்டு கை வேண்டும். 1817-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளிக்கு லோரான் க்ளேர் என்ற காது கேளாத ஆசிரியர் பாரிஸிலிருந்து வந்தார், அதனால் அமெரிக்கச் சைகைமொழிக்குப் பிரெஞ்சுச் சைகைமொழிதான் நெருங்கிய சொந்தம். எனவே நாடு மாறினால் முதலில் மொழியே புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும், லைசென்ஸ் அதற்கு அடுத்த கவலை.

ஏற்பாடுகளும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் என்.ஆர்.சி.பி.டி. என்ற பதிவேடு இருக்கிறது, பயிற்சியில் இருப்பவர், முழுப் பதிவு பெற்றவர் என்று இரண்டு நிலை. ஆனால் அந்தப் பதிவு சட்டக் கட்டாயம் இல்லை, பதிவு செய்யாத ஒருவர் தன்னைப் பெயர்ப்பாளர் என்று சொல்லிக்கொள்வதைத் தடுக்கச் சட்டம் இல்லை. 2022-இல் பிரிட்டிஷ் சைகைமொழிக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தபோதும் அதை மாற்றவில்லை, அது எனக்கு இன்னும் குறையாகத்தான் படுகிறது. ஆஸ்திரேலியாவில் நாட்டி என்ற அமைப்பு பேச்சுமொழிப் பெயர்ப்பாளர்களையும் சைகைமொழிப் பெயர்ப்பாளர்களையும் ஒரே முறையில் தேர்வு வைத்துச் சான்றளிக்கிறது, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இரண்டு வகைப் பெயர்ப்பாளர்களையும் சமமாக நடத்துகிற அந்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தியாவில் 2015-இல் இந்திய சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது, பெயர்ப்புக்கு இரண்டு வருஷ டிப்ளமோ இருக்கிறது, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அதை அங்கீகரித்திருக்கிறது.

நீங்கள் போகிற நாட்டின் பெயரை எழுதவில்லை. எந்த நாடானாலும் போய் இறங்கியதும் அங்குள்ள காது கேளாதோர் சங்கத்தைத் தேடிப் போங்கள். மொழியும் அங்கேதான் கிடைக்கும், யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்ற சரியான தகவலும் அங்கேதான் கிடைக்கும்.

கேள்வி: எனக்குக் காது கேட்காது. ஓர் அலுவலகத்தில் எனக்காக ஏற்பாடு செய்த பெயர்ப்பாளர், அதிகாரி ஐந்து நிமிஷம் பேசியதை மூன்று சைகையில் முடித்துவிட்டார். என்னிடம் கேட்ட கேள்விக்கு என்னைக் கேட்காமல் அவரே பதிலும் சொன்னார். நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நடந்தது தப்பு, உங்கள் சந்தேகம் சரி. உங்களுக்கு வந்த கேள்விக்கு உங்கள் வாயாக நின்று தன் பதிலைச் சொல்வது இந்தத் தொழிலில் செய்யவே கூடாத காரியங்களில் ஒன்று. சுருக்கிச் சொல்வதும் அப்படித்தான், எது முக்கியம் என்று தீர்மானிக்க வேண்டியது நீங்கள்.

அடுத்த முறை தொடங்குவதற்கு முன்பே அவருடைய பெயர், சான்று, லைசென்ஸ் எண் மூன்றையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நல்ல பெயர்ப்பாளர் கேட்காமலே காட்டுவார். பொதுவில் தேடிப் பார்க்கிற பதிவேடு பல நாடுகளில் இருக்கிறது, ஆர்.ஐ.டி.யும் என்.ஆர்.சி.பி.டி.யும் நாட்டியும் வைத்திருக்கின்றன. சந்திப்பு நீளமாக இருக்கும் என்றால் இரண்டு பேரை அனுப்பச் சொல்லுங்கள், இருபது முப்பது நிமிஷத்துக்கு மேல் ஒருவரே தொடர்ந்தால் களைப்பில் பிழைகள் கூடும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடுவில் புரியவில்லை என்றால் அதிகாரியைப் பார்த்துக் கையைத் தூக்கி நிறுத்துங்கள், ஒரு தாளில் "எனக்கு முழுதாக வரவில்லை, வேறு பெயர்ப்பாளர் வேண்டும்" என்று முன்னமே எழுதி வைத்திருந்து அதை நீட்டுங்கள். கையெழுத்து கேட்டால் போடாதீர்கள், வேறு தேதி கேளுங்கள்.

நடந்துபோன சந்திப்புக்கும் வழி இருக்கிறது. தேதி, நேரம், அதிகாரி என்ன கேட்டதாகப் பின்னால் தெரிந்தது, பெயர்ப்பாளர் என்ன சைகை செய்தார் என்பதை நினைவு இருக்கும்போதே எழுதுங்கள், எழுதுவதைவிடச் சைகையில் சொல்வது சுலபம் என்றால் போனில் வீடியோவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். முதல் புகார் அந்த அலுவலகத்துக்கு, ஏனென்றால் ஆளை அமர்த்தியது அவர்கள். அடுத்தது அவர் சான்று பெற்ற அமைப்புக்கு, அங்கே நெறி மீறலை விசாரிக்கத் தனிப் பிரிவு இருக்கும். லைசென்ஸ் முறை உள்ள இடமாக இருந்தால் லைசென்ஸ் வாரியத்துக்கும் அனுப்புங்கள், அவர்களால் லைசென்ஸை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ முடியும். அவரிடம் சான்றே இல்லை என்று தெரியவந்தால் அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே போடுங்கள், அந்தச் சந்திப்பில் எடுத்த முடிவைத் திரும்பப் பரிசீலிக்க வேண்டும் என்று இரண்டாவது வரியில் கேளுங்கள்.

கடிதம் எழுத உதவி வேண்டுமானால் வீடியோவை இதழின் முகவரிக்கு அனுப்புங்கள், பார்த்து நானே எழுதித் தருகிறேன். நீங்கள் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அது போகும்.